பத்துக்குப் பூஜ்யம்

ஜனவரி 6, திங்கள்

கள ஆய்வு செய்கிறவர் தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்று ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பல வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். நான் எழுதியதே இல்லை. பணம் தருகிற சென்னை அறக்கட்டளைக்காரர்கள் என்றைக்காவது கேட்பார்கள் என்று துறைத்தலைவர் ஆறுமுகநயினார் சார் பயமுறுத்தியதால் இன்று தொடங்குகிறேன்.

ஆய்வு இதுதான். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கற்றுக்கொள்கிறவள் முதலில் டேப்பில் பத்துக் கேள்விக்கு விடை தொடுவாள். பிறகு தோழி பாடம் சொல்வாள். முடிந்ததும் இன்னொரு பத்துக் கேள்வி. மதிப்பெண் எவ்வளவு ஏறியதோ, அதற்கேற்ற டிஜிட்டல் காசு சொல்லிக்கொடுத்தவள் கணக்கில் விழும். பள்ளிக்கூட ஸ்டோரில் அந்தக் காசுக்குப் பேனா, நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கலாம். எல்லாம் பிளாக்செயினில் பதிவாகும். பதிவானதை யாரும் திருத்த முடியாது, என்னாலும் முடியாது. இந்த 'என்னாலும் முடியாது' என்ற இடத்தில்தான் அறக்கட்டளைக் கமிட்டி தலையாட்டியது. அன்றைக்கு என்னைப் பார்த்து எனக்கே மரியாதை வந்தது.

காசுக்கு 'அறிவுக்காசு' என்று பெயர் வைத்திருந்தேன். முதல் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகள் அதை 'பியூலா காசு' ஆக்கிவிட்டார்கள். பியூலா நான்தான். ரிசர்வ் வங்கி கவர்னருக்குக்கூட இந்தப் பேறு வாய்க்காது.

ஜனவரி 9, வியாழன்

வகுப்பில் இசக்கிப் பிரியா என்று ஒரு பெண். கணக்கில் எப்போதும் முதல். இரட்டைச் சடை, பேசும்போது பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம். அவளிடம் கேட்டுக்கொள்ள மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவளுக்குத்தான் காசு கொட்டுகிறது.

கடைசி பெஞ்சில் ரிஸ்வானா. மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அரையாண்டில் கணக்கில் பத்தொன்பது. அவளிடம் பாடம் கேட்டுக்கொள்ள யாரும் வரவில்லை. நான் போய், உனக்குத் தெரிந்த பாடத்தைச் சொல்லிக்கொடேன் என்றேன். எனக்குத் தெரிந்த பாடம் இவர்களுக்கும் தெரியும் மேடம் என்றாள். குறித்துக்கொண்டேன். என்ன முடிவுக்கு வருவது என்று தெரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மெடிக்கல் ரெப் வேலையில் வாரம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றும் என் கணவர் செல்வின் இன்று வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பொங்கலைத் தின்றுவிட்டுத் தூங்கினோம். ஆய்வு முன்னேற்றம்: இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

சிக்கல். நாலைந்து கெட்டிக்காரப் பிள்ளைகளிடமே காசெல்லாம் சேர்ந்துவிட்டது. மற்றவர்கள் டேப்பைத் தொடவே சலித்துக்கொள்கிறார்கள். உலகத்தில் ஏற்கனவே இருப்பதை ஒரு வகுப்பறைக்குள் சிறியதாகச் செய்து காட்டியிருக்கிறேன். அதற்கு எனக்கு நிதியும் கொடுத்திருக்கிறார்கள்.

ஆறுமுகநயினார் சாரிடம் சொன்னேன். ஊக்கம் போதவில்லையம்மா என்றார். கல்லூரி பஸ்ஸில் திருவனந்தபுரம் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் சுற்றுலா, இத்தனை காசு சேர்த்தவர்களுக்கு மட்டும் இடம் என்று அறிவிக்கச் சொன்னார். தலைமையாசிரியை ஹெலன் டீச்சரும் சம்மதித்தார். நான் அறிவித்தேன். ஓவென்று கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இசக்கிப் பிரியா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி 30, வியாழன்

அற்புதம். வேறு சொல் கிடைக்கவில்லை. ரிஸ்வானா சொல்லிக்கொடுக்கிறாள். மாணவி யார் என்றால் இசக்கிப் பிரியா! முக்கோணங்களில் தனக்குச் சந்தேகம் என்கிறாள் இசக்கி. முதல் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை, ரிஸ்வானா சொன்ன பிறகு ஒன்பது. கெட்டிக்காரி என்று நாம் நினைப்பவளுக்கும் ஓட்டை இருக்கிறது. மக்கு என்று நினைப்பவளிடமும் சரக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க என் காசு தேவைப்பட்டிருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு நானே ஒரு பலூடா வாங்கிக்கொடுத்தேன்.

பிப்ரவரி 5, புதன்

வரைபடம் மேலே போகிறது. லேசான ஏற்றமில்லை, ஏணியைச் சுவரில் சாய்த்துவைத்தது போல இருக்கிறது. ஆறுமுகநயினார் சார் அதை அச்செடுத்துத் தம் அறையில் ஒட்டிவிட்டார். அறக்கட்டளைக் கமிட்டி மார்ச்சில் வருகிறதாம். அடுத்து ஐம்பது பள்ளிகள் என்கிறார். இணைப் பேராசிரியர் பதவிக்கு என் பெயரைத் தானே எழுதுவதாகவும் சொன்னார். எத்தனையோ வருஷமாக என்னை 'நம்ம பியூலா' என்று அழைத்தவர் இன்று 'டாக்டர் பியூலா' என்றார். நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று.

பிப்ரவரி 8, சனி

பதிவுகளைப் புரட்டினேன். இசக்கிப் பிரியாவின் முதல் சோதனைகள்: பத்துக்குப் பூஜ்யம். பூஜ்யம். ஒன்று. பூஜ்யம். பூஜ்யம்.

ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை கொடுத்திருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பத்தில் இரண்டு மூன்று சரியாக விழும். பூஜ்யம் எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

படுக்கையறை மின்விசிறியில் ஒட்டடை. ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தேன். ஏறியது ஏறியாயிற்று என்று ஹால் விசிறியையும் துடைத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய் வந்து சமையலறை டப்பாக்களை எல்லாம் இறக்கிக் கழுவி, புதிதாகப் பெயர் எழுதி ஒட்டினேன். செல்வின் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீடு இவ்வளவு சுத்தமா இருக்கே. காலேஜ்ல என்ன பிரச்சினை?"

ஒன்றுமில்லை என்றேன். இவருக்கு எதையும் சந்தேகப்படும் புத்தி.

பிப்ரவரி 14, வெள்ளி

வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு ஆள் வந்தார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லையாம். எதற்குக் கூப்பிட்டீர்கள் என்றார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஹெலன் டீச்சர் வகுப்பு அறிக்கை கேட்டார். என் மென்பொருள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம் கொடுக்கும். கடைசி ஒரு மாதத்தில் முதல் சோதனைகளை நன்றாகச் செய்தால், அல்லது நிறையக் காசு சம்பாதித்தால், பச்சை. இல்லையென்றால் மஞ்சள், சிவப்பு. எதற்கு என்று கேட்டேன். மதுரையில் ஒரு அமைப்பு கோடை விடுமுறையில் தங்கிப் படிக்கும் பயிற்சி நடத்துகிறது. அதில் சேர்கிற பிள்ளையின் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ செலவு முழுக்க அவர்களுடையது. இந்தப் பள்ளிக்கு ஒரே ஓர் இடம். வழக்கமாக டீச்சர்கள் கூடிப் பேசித் தேர்ந்தெடுப்பார்கள், ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், சண்டை வரும். "இந்த வருஷம் கம்ப்யூட்டரே சொல்லட்டும் மேடம். அதுக்குச் சொந்தக்காரங்க கிடையாதுல்லா" என்றார்.

ஒரு வாரம் கழித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அறிக்கையை அங்கேயே அச்செடுத்துக் கொடுத்தேன். நிறம் அழகாக விழுந்திருந்தது.

பிப்ரவரி 22, சனி

திருவனந்தபுரம் சுற்றுலா. வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் தேவையான காசைச் சேர்த்துவிட்டார்கள். பஸ்ஸில் பாட்டு, வாந்தி, மறுபடி பாட்டு. என் பையில் தயிர்சாத டப்பா திறந்துகொண்டது. அருங்காட்சியகத்தில் ஊசல் ஆடும் இடத்தில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் இசக்கிப் பிரியா, நூல் நீளமானால் ஊசல் ஏன் மெதுவாக ஆடுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அங்கே வேலை செய்கிறவரும் நின்று கேட்டார். அருகே ரிஸ்வானா, எல்லோரையும் விடப் பெருமையாக.

என் மென்பொருள் கணக்குப்படி அந்த இருவரில் ஒருத்தி சிவப்பு, ஒருத்தி பச்சை. பையைக் கழுவ நான் குழாயைத் தேடிப் போய்விட்டேன். தயிர் நாற்றம் லேசில் போகாது.

பிப்ரவரி 26, புதன்

மதியம் ஓர் அம்மா கல்லூரிக்கே என்னைத் தேடி வந்தார். ஜவுளிக்கடைச் சேலை, கடை பேட்ஜ்கூடக் கழற்றவில்லை. பெயர் செண்பகம். இசக்கிப் பிரியாவின் அம்மா. கையில் என் வண்ண அறிக்கை, நாலாக மடித்தது. மதுரைக்கு, பச்சையில் முதலில் நின்ற ரிஸ்வானாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். அது பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் கேட்க வந்தது வேறு.

"மேடம், எம்மவளுக்கு மூளையில ஏதும் கோளாறா? மறைக்காமச் சொல்லுங்க."

பதறிப்போய் உட்காரச் சொன்னேன். எப்போதும் முதலில் வருகிற பிள்ளை ஒரே மாதத்தில் இப்படிச் சிவப்பாகிவிட்டாள், கேட்டால் தெரியவில்லை தெரியவில்லை என்கிறாள். முதலில் கண் டாக்டரிடம் காட்டினாராம், கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றாராம். பிறகு நரம்பு டாக்டர். தலையை ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அதிலும் ஒன்றுமில்லை. கடையில் லீவு சொல்லிவிட்டு ஒவ்வொரு இடமாக அலைந்திருக்கிறார்.

"படிப்பு ஏறலன்னா பரவால்ல. பத்தாங்கிளாசோட நிப்பாட்டி எங்கடையிலயே சேத்துவிட்டுருதேன். பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லுங்க."

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கோளாறு என் ஆய்வில்தான் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். நான் அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துடைக்க அந்த அறையில் விசிறிகூட இல்லை, ஏ.சி.தான்.

பிப்ரவரி 27, வியாழன்

இசக்கிப் பிரியாவைப் பள்ளி மைதானத்தில் தனியாகப் பிடித்தேன். பூஜ்யம் எடுப்பது கஷ்டமாச்சே என்று ஆரம்பித்தேன். மறைப்பாள் என்று நினைத்தேன். என்னமோ நான் கேட்பதற்கே காத்திருந்தது போலச் சொன்னாள்.

"ஆமா மேடம். சரியான விடை தெரிஞ்சாத்தானே தப்பாத் தொட முடியும். ஒரு கேள்வி நெசமாவே தெரியல. அது சரியா விழுந்திட்டு."

அந்த 'ஒன்று' அதுதான்.

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. "டூருக்கு நாங்க நாலஞ்சு பேரு மட்டும் போய்ட்டு வந்தா, மத்தவளுவ மூஞ்சில எப்பிடி முழிக்க?" என்றாள். முதலில் தோற்கிறவள் இருந்தால்தான் சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் காசு. அதனால் தோற்கிற வேலையை இவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் சும்மா விடவில்லையாம். ஒழுங்காக விளக்கினால்தான் இரண்டாவது சோதனையைச் சரியாக எழுதுவேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். ரிஸ்வானா முதல் நாள் உளறியிருக்கிறாள். அதற்கு இவள் இரண்டே மதிப்பெண் ஏற்றியிருக்கிறாள். ரிஸ்வானா அழுதாளாம். மறுநாள் வீட்டில் படித்துவிட்டு வந்தாளாம். ஜனவரியில் நான் பார்த்து பலூடா சாப்பிட்டது மூன்றாவது நாள்.

அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே, ஸ்கேன் வரைக்கும் போயிருக்கிறாரே என்றேன். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"சொன்னா அம்மா நேரா ஹெலன் டீச்சர்ட்டப் போயிருவா. ரிஸ்வானாவுக்குக் கெடச்ச எடத்த எப்பிடி மேடம் பிடுங்குவீய? நீங்களும் சொல்லாதீய."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. சொல்வேன் என்றும் சொல்லவில்லை. முனைவர் பட்டம் வாங்கியதிலிருந்து இது எனக்கு நன்றாக வருகிறது.

மார்ச் 1, சனி

வீட்டில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை. செல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

புதன்கிழமை, அந்த அம்மா வந்தபோது என்றேன்.

அவர் ஹால் விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

மார்ச் 4, செவ்வாய்

ஆறுமுகநயினார் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். அந்த ஒரு பெண்ணின் பதிவை மட்டும் நீக்கிவிட முடியாதா என்று கேட்டார். பிளாக்செயின் சார், என்னாலும் முடியாது என்றேன். போன தடவை இந்த இடத்தில் கமிட்டி தலையாட்டியது. இந்த முறை அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு பெண் மட்டுமில்லை, பிப்ரவரி மாதம் முழுவதுமே வகுப்பு கூடி நடித்ததுதான் என்றும் சொன்னேன். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை நாங்கள் இருவரும் பார்க்காமலிருக்க முயன்றோம்.

கமிட்டி வருகிறவரை பொறுக்கச் சொன்னார். மதுரைக்குப் பெயர் அனுப்பக் கடைசி நாள் அதற்கு முன்பே முடிந்துவிடும். நான் பஸ் ஏறி ஹெலன் டீச்சரிடம் போனேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாங்க சண்டை போட்டே எடுத்திருக்கலாம்" என்றார். கடைசியில் பேனாவும் தாளும் வைத்து வகுப்பு முழுவதற்கும் வெள்ளிக்கிழமை ஒரு பரீட்சை, முதலில் வருகிறவள் மதுரைக்கு என்று முடிவானது. ரிஸ்வானாவிடம் நானே சொல்ல வேண்டும் என்றார். அது என் தண்டனை என்று புரிந்தது.

மார்ச் 5, புதன்

ரிஸ்வானாவிடம் சொன்னேன். சுற்றி வளைத்து, மென்பொருள், அளவீட்டுப் பிழை என்றெல்லாம் பேசினேன். அவள் குறுக்கிட்டாள்.

"எனக்குத் தெரியும் மேடம். அவ நடிச்சது எனக்குத் தெரியாதா? ஆனா நான் படிச்சது நடிப்பு இல்லல்லா."

வீட்டில் மதுரை விஷயத்தைச் சொன்னதும் அவள் வாப்பா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டாராம். அதையும் சொன்னாள். பிறகு பரீட்சைக்கு எந்தெந்தப் பாடம் என்று கேட்டுக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனாள்.

மார்ச் 7, வெள்ளி

பரீட்சை. மேற்பார்வைக்கு என்னை விடவில்லை. நியாயம்தான். வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஜன்னல் வழியே பார்த்தேன். இசக்கிப் பிரியா வெகுநேரம் பேனாவை எடுக்கவில்லை. மறுபடியும் பூஜ்யம் வாங்கப்போகிறாளோ என்று பயந்தேன். அப்போது அவளுக்கு முன்பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டிருந்த ரிஸ்வானா திரும்பி, "எழுதுட்டி" என்றாள். வெளியே எனக்குக் கேட்கிற அளவு சத்தமாகவே சொன்னாள். மேற்பார்வை டீச்சர் அதட்டினார். இசக்கி எழுத ஆரம்பித்தாள்.

மார்ச் 10, திங்கள்

இசக்கிப் பிரியா தொண்ணூற்றேழு. ரிஸ்வானா அறுபத்து நாலு.

பத்தொன்பதிலிருந்து அறுபத்து நாலு. என் மென்பொருள் அளக்காத ஒரே விஷயம் அதுதான். ரிஸ்வானா தாளை வாங்கி, பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. செண்பகம் போனில் அழுதார். டாக்டர் செலவைத் தருகிறேன் என்று நான் தொந்தரவு செய்யக்கூடாது என்று முந்திக்கொண்டு சொன்னார்.

மார்ச் 19, புதன்

கமிட்டி. பிப்ரவரி வரைபடத்தைக் காட்டி, இது பொய் என்று சொன்னேன். யார் பொய் சொன்னது என்று கேட்டார்கள். பிள்ளைகள் நடித்தார்கள், எனக்கு பிப்ரவரி எட்டாம் தேதியே தெரியும், தெரிந்தும் அறிக்கை கொடுத்தேன் என்றேன். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே உறைத்தது. கமிட்டியில் ஓர் அம்மா, பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களா இல்லையா என்று கேட்டார். கற்றுக்கொண்டார்கள், ஆனால் அதற்கு என் காசு காரணமா அந்தப் பெண் காரணமா என்று சொல்ல என்னிடம் தரவு இல்லை என்றேன். நிதி நின்றது.

வெளியே வரும்போது ஆறுமுகநயினார் சார் ஒன்றே ஒன்று சொன்னார்: "பேசும்போது அடிக்கடி 'நாங்கள்'னு சொன்னீங்க. இனிமே 'நான்'னு சொல்லுங்க." மறுபடி 'நம்ம பியூலா' ஆவதற்கு நாளாகும்.

ஏப்ரல் 2, புதன்

என் பிளாக்செயின் ஓடிய ஒரே சர்வருக்கு வாடகை கட்ட ஆளில்லாததால் கல்லூரி அதை நிறுத்திவிட்டது. எவராலும் அழிக்க முடியாத பதிவுகள் எல்லாம் அழிந்தன. இசக்கிப் பிரியாவுக்கு முக்கோணம் தெரியாது என்பதற்கு இனி உலகில் சாட்சியம் இல்லை. ஸ்டோரில் மிச்சமிருந்த காம்பஸ் பெட்டிகளைச் செல்வின் வாங்கி வகுப்புக்கே கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இசக்கிப் பிரியா மதுரைக்குப் போனாள். புதிய பஸ் நிலையத்தில் செண்பகம் அவள் பையில் முறுக்கைத் திணித்துக்கொண்டிருந்தார். ரிஸ்வானாவும் வந்திருந்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அதிகம் பேசவில்லை. நான் சற்றுத் தள்ளி, பூக்கடைக்குப் பின்னால் நின்றேன். பஸ் கிளம்பியதும் ரிஸ்வானா நேராக என்னிடம் வந்தாள். நான் அங்கே இருப்பது முதலிலேயே தெரியும் போலிருக்கிறது.

மதுரைக்காரர்கள் அடுத்த வருஷமும் எடுப்பார்களாம், பத்தாம் வகுப்பு முடித்தவர்களையும். தான் படிக்க வேண்டும் என்றாள். நான் ஆசையோடு, சனிக்கிழமைதோறும் வா, சொல்லித்தருகிறேன் என்றேன்.

"நீங்க சொல்லித்தர வேண்டாம் மேடம். நான் சொல்லித்தாரேன். நீங்க கேளுங்க. எனக்கு அப்பிடித்தான் ஏறுது. அவதான் போய்ட்டாள்லா."

மே 3, சனி

ரிஸ்வானா வந்தாள். சாப்பாட்டு மேசையில் என்னை மாணவிக்கான நாற்காலியில் உட்காரவைத்தாள். ஏற்றக் கோணம். தரையில் நின்று கோபுர உச்சியைப் பார்க்கிறோம், கோபுரத்தின் உயரம் என்ன. நன்றாகவே சொன்னாள். கேள்வி கேட்டு மடக்கினாள். பிறகு ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொன்னாள்.

மென்பொருள் வடிவமைக்கிற அவசரத்தில் இதையெல்லாம் தொட்டு எத்தனையோ வருஷமாயிற்று. யோசித்து, நம்பிக்கையாகப் போட்டு, தாளைத் தள்ளினேன். அவள் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"நடிக்காதீய மேடம். அவகூட இவ்வளவு மோசமா நடிச்சதில்ல."

சமையலறையிலிருந்து செல்வின் இருமுவது கேட்டது. நடிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"சரி, முதல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லு" என்றேன். சொன்னாள்.